உன் அக்கா மடித்து வைத்த பக்கங்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம், கடை நலம், கிடங்கில் உள்ள சரக்கும் வண்டு விழாமல் நலம். உன் அக்கா நலமா என்பதை மட்டும் நீதான் எனக்கு எழுத வேண்டும். முப்பத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவளின் நலத்தை வெளியூரில் இருக்கும் தம்பியிடம் விசாரிக்கிறானே என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ. கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் சின்ன வீட்டுக்கு மாறினால் பழைய கட்டிலை விற்பான், பீரோவை விற்பான். நீ இரண்டு பெட்டி நிறையப் புத்தகத்தை லாரியில் ஏற்றி என் கடை வாசலில் இறக்கினாய். ‘அக்கா படிக்கட்டும் அத்தான்’ என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. அன்றைக்கு முடிந்தது என் வீட்டு நிம்மதி. மத்தியானம் நான் சாப்பிட வந்தால் தட்டு வைக்கிறாள், பரிமாறுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். எதிரே உட்கார்ந்து ‘விலை ஏறிச்சா, இறங்கிச்சா’ என்று கேட்கிறவள், இப்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். இந்த மாதம் பிறந்ததும் ஒரு நாள் மோர் ஊற்றும்போது, ஏதோ பால்காரன் வரமாட்டான் என்று சொல்கிற மாதிரி, “அடுத்த மாசம் அஞ்சாம் தேதிலேருந்து பத்து நாள் நான் இருக்க மாட்டேன். சமையலுக்கு ஆள் சொல்லியிருக்கேன்” என்றாள். “எங்க போற?” என்றேன். “சொன்னா சிரிப்பீங்க” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மச்சான், நான் கைவண்டியில் அரை மூட்டை பயறு வைத்து விற்று மேலே வந்தவன். எதிராளி முகத்தைப் பார்த்தே அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று சொல்லிவிடுவேன். உன் அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி, ஆளைப் பார்த்துத் தெரியாவிட்டால் சரக்கைப் பார்ப்போம் என்று அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் புத்தகங்களை எடுத்தேன். மேலாக எடுத்த ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறாள். ஆகா, மனதில் இருப்பதை இங்கேதான் அடையாளம் போட்டு வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. முழுதாகப் படிக்க எனக்கு நேரமும் இல்லை, எட்டாம் வகுப்புக்கு மேல் பழக்கமும் இல்லை. ஆனால் குத்தூசி பிடிக்கத் தெரியும். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை உருவிப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் குழல் ஊசி, நீ கடையில் பார்த்திருப்பாய். மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்றிலும் வருவதை உள்ளங்கையில் போட்டு ஊதினால் மூட்டையின் யோக்கியதை தெரிந்துவிடும். உன் புத்தகங்களையும் அப்படியே பார்த்தேன். மூன்று குத்து, கூடவே அவள் மடித்த பக்கம். நான் கண்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நீ படித்தவன் என்று பயப்படப் போவதில்லை.

முதலில் அகப்பட்டது துப்பறியும் நாவல். ஒரு ஆலை முதலாளியை அவன் மனைவி பாலில் விஷம் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறாள். துப்பறிகிறவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறான், எழுந்து நடக்கிறான், மறுபடியும் யோசிக்கிறான். விஷம் விற்ற கடைக்குப் போய் ‘யார் வாங்கினது’ என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அதைக் கேட்க அவனுக்கு இருநூற்று நாற்பது பக்கம் தேவைப்படுகிறது. எங்கள் கடையில் எடை போடுகிறவனை, நாங்கள் தராசு என்று கூப்பிடுவோமே, அவனை அனுப்பியிருந்தால் பத்தாம் பக்கத்தில் ஆளைப் பிடித்திருப்பான். அது போகட்டும். உன் அக்கா மடித்தது எண்பத்து நாலாம் பக்கம். அதில் அந்தப் பெண்பிள்ளை டம்ளரில் மூன்றாவது கரண்டி சர்க்கரை போட்டு, கசப்பு தெரியாமல் கலக்குகிறாள். எனக்கும் மூன்று கரண்டிதான்.

மறுநாளிலிருந்து, மாலையில் எனக்கு வரும் பாலை, ‘வேலை இருக்கு, கடையில குடிச்சுக்கறேன்’ என்று தூக்கில் ஊற்றிக்கொண்டு போய்க் கிடங்குப் பூனைக்கு வைத்தேன். பூனை குடித்தது, இரண்டு சுற்று சுற்றியது, உளுந்து மூட்டை மேல் ஏறிப் படுத்தது. அரை மணி நேரம் அசையவில்லை. நான் அதன் மூக்கருகில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாடிக்கைக்காரர் இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள், தராசு வந்து பார்த்துவிட்டு, “முதலாளி, பூனைன்னா தூங்கத்தான் செய்யும். நம்ம பூனை வேற என்னைக்கு என்ன செஞ்சிருக்கு?” என்றான். கடை சாத்தும் நேரத்துக்கு அது எழுந்து சோம்பல் முறித்தபோது எனக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் பாலைத் தொடவில்லை. ஒரு வாரம் ஆனதும் உன் அக்காவுக்குத் தெரிந்துபோய், பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். “ஏன் பால் குடிக்கறதில்ல?” என்றார் அவர். பக்கத்தில் அவள் இருக்கும்போது நான் என்னத்தைச் சொல்ல? “இந்த உடம்புக்கு அதை நிறுத்தினதே நல்லது, சர்க்கரையையும் நிறுத்திடுங்க” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விஷத்துக்குப் பயந்து சர்க்கரையையும் இழந்தேன்.

அடுத்தது சரித்திர நாவல், மூன்று பாகம், ஒவ்வொன்றும் படிக்கல் கனம். மேலே குத்தினால் ஒருவன் குதிரையில் போகிறான். நடுவில் குத்தினால் அவனேதான், குதிரை மட்டும் வேறு. பத்தாயிரம் பேர் கொண்ட படை நாற்பது நாள் நடக்கிறது. ஆளுக்கு அறுநூறு கிராம் என்றாலும் நாளொன்றுக்கு அறுபது மூட்டை அரிசி வேண்டும். ஆசிரியர் ஒரு வண்டி கூட அனுப்பவில்லை. வீரம் வீரம் என்கிறாரே, வெறும் வயிற்றில் நாலு நாள் நடந்தால் எவன் வாளைத் தூக்குவான்? உன் அக்கா மடித்த பக்கத்தில் ராணி சுரங்க வழியாக அரண்மனையை விட்டு வெளியேறுகிறாள். நம் வீட்டில் சுரங்கம் கிடையாது, கொல்லைக் கதவுதான். அதற்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்று வாங்கி நானே பொருத்தினேன். பொருத்திவிட்டு வெளியில் நின்று இழுத்துப் பார்த்தேன். அருமையான பூட்டு. சாவி உள்ளே. உன் அக்கா வந்து திறக்கும்வரை ஒரு மணி நேரம் குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பரிசு வாங்கிய நாவல் ஒன்று. அட்டையிலேயே தங்க நிறத்தில் முத்திரை குத்தியிருக்கிறது. மேலே குத்தினேன், ஒருவன் சன்னல் பக்கம் நின்று மழையைப் பார்க்கிறான். நடுவில் குத்தினேன், அதே சன்னல், அதே மழை. அடியில் குத்தினேன், சன்னலைச் சாத்தியிருந்தான். இதற்குப் பரிசு கொடுத்தவர்கள் மூட்டையைப் பிரிக்கவே இல்லை, மேலே இருந்த முத்திரையைப் பார்த்தே எடுத்துவிட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. மடிப்பு பதினோராம் பக்கத்தில். அவன், ‘இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது’ என்று யோசிக்கிறான். அன்று ராத்திரி வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

சுயமுன்னேற்றப் புத்தகத்தை எழுதியவன் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால் வெற்றி நிச்சயம் என்கிறான். நான் முப்பத்தைந்து வருடமாக நாலு மணிக்கு எழுகிறேன், மார்க்கெட் அப்போதுதான் திறக்கிறது, அதை எந்த மடையனும் ரகசியம் என்று சொன்னதில்லை. பின்னட்டையில் அவன் படம் இருக்கிறது, கைகட்டிச் சிரிக்கிறான். வாழ்நாளில் ஒரு மூட்டை தூக்கின கழுத்து இல்லை அது. அதில் அவள் மடித்த இடம்: ‘உங்களைக் கீழே இழுப்பவர்களை இன்றே விலக்குங்கள்.’ அன்றிலிருந்து என் தட்டை நானே கழுவுகிறேன். “என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

கவிதைப் புத்தகம் வேறு. ஒரு பக்கத்தில் மூன்று வரி, மீதி வெள்ளைத் தாள். நூறு கிலோ சாக்கில் பத்துக் கிலோ போட்டுத் தைத்து அனுப்பினால் என்னைச் சும்மா விடுவார்களா? இவர்களுக்கு மாலை போடுகிறார்கள். இப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் அவள் மடித்த பக்கத்தில் இருந்தது இது:

நீ கேட்கிறாய் என்று நினைத்து
இருபது வருடம் பேசினேன்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டு மின்விசிறி முப்பத்தொரு வருடமாகச் சுற்றுகிறது, மச்சான். கொஞ்ச நேரம் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு தடவை அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பியதும், கடை வாசலில் விழுந்ததும், ஓடிப்போய்த் தூக்காமல் நான் தராசோடு சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் என்னமோ ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் அவள் அதைத் தொடவே இல்லை. சரி, அதை விடு. சரக்கு கொஞ்சம்தான், ஆனால் கையில் எடுத்தால் கனக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாகப் பெட்டியின் அடியில் நாற்பது பக்கத்துக்கு ஒரு சின்னப் புத்தகம், நீச்சல் பழகுவது எப்படி என்று. அதில் மடிப்பே இல்லை. ஈரம் பட்டு உப்பிக் கிடந்தது. ஈரச் சரக்கை நான் குத்திக்கூடப் பார்ப்பதில்லை, ஓரமாகப் போட்டேன். தண்ணீரில் பழக வேண்டியதைத் தாளில் எழுதி விற்கிறானே, அவனல்லவா வியாபாரி!

புத்தகத்தோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் ஒரு நாள் சீக்கிரம் சாப்பிட வந்தேன். உன் அக்கா கூடத்து பெஞ்சில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக்கொண்டிருக்கிறாள். வலிப்பு என்று அலறி, சாவிக்கொத்தோடு ஓடினேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்து, “முதுகு பிடிச்சிருந்தது” என்றாள். முந்தாநாள் குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கிறாள். வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு, மேல்மூச்சு வாங்குகிறது. “அழறியா?” என்றேன். “முகம் கழுவறேன்” என்றாள். “இவ்வளவு நேரமா?” “அழுக்கு ஜாஸ்தி” என்றாள்.

ஐந்தாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. அவள் பெட்டி கட்டி வைத்துவிட்டாள். என்னை விட்டுப் போகிறாளா, போனால் திரும்பி வருவாளா, அதை மட்டும் விசாரித்து எழுது. நேரில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எவனிடமும் விலை கேட்கத் தயங்காதவன், இவளிடம் இரண்டு வார்த்தை கேட்க வாய் வராமல் நிற்கிறேன். கையோடு நீயும் வந்து உன் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போ. லாரியை நானே பிடித்துத் தருகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், அவர்கள் எல்லா வளமும் பெற்று, புத்தகங்களிடமிருந்து தள்ளியே இருக்கட்டும். மற்றபடி நம் உறவில் படிக்கும் பழக்கம் இல்லாத அத்தனை பேரையும் நான் அன்போடு விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பால் இல்லாமலும் சர்க்கரை இல்லாமலும்,
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உன் புது வீட்டு விலாசம் எனக்குத் தெரியாததால், உறையில் எழுதச் சொல்லிக் கடிதத்தை உன் அக்காவிடமே கொடுத்தேன். உறையை ஒட்டியிருந்தேன், பிரித்துவிட்டாள். நான்கு தாளையும் மூலையை மடிக்காமல் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள் பார், தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். “அடையாளமா? எனக்குத் தூக்கம் வந்த இடங்க அது” என்றாள். எல்லாமே அப்படித்தானாம். துப்பறிகிறவனோடு எண்பத்து நாலு பக்கம் விழித்திருந்திருக்கிறாள், பரிசு வாங்கியவன் பதினொன்றிலேயே படுக்க வைத்துவிட்டான். கவிதை? அது மட்டும் தூக்கத்தில் மடித்ததில்லையாம். “என்னைக்காவது உங்க கண்ணுல படட்டும்னு வச்சேன்” என்றாள். அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

பத்து நாளும் உன் ஊர் நீச்சல் குளத்தில், ஐம்பது தாண்டியவர்களுக்கு வகுப்பாம். தங்குவது உன் வீட்டில்தானாம், பணம் கட்டிப் பெயர் கொடுத்ததே நீதானாம். பாவி! “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். “ஸ்கூட்டர்” என்றாள், அவ்வளவுதான். நான் சிரிக்கவில்லை, நீ யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். கொஞ்ச நேரம் கழித்து, “காலைல ஆம்பளைங்களுக்குத் தனியா வகுப்பு இருக்கு, வரீங்களா?” என்றாள். “கடை?” என்றேன். “தராசு பாத்துப்பான். நீங்க இல்லாட்டி அந்தப் பூனையாவது நிம்மதியாத் தூங்கும்.”

ஆகவே பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும். என் பெயரையும் கொடுத்துவிடு, தொண்ணூற்றிரண்டு கிலோ என்று முன்கூட்டியே சொல்லிவிடு, அவர்கள் அதற்குத் தக்க ஆளை வைத்துக்கொள்ளட்டும். இடுப்பு நாற்பத்து நாலுக்கு நீச்சல் உடை கிடைக்குமா என்றும் விசாரி. நீச்சல் புத்தகத்தைக் குத்தூசி இல்லாமல் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். ஏழாம் பக்கத்தில் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி மூச்சு விடப் பழகச் சொல்கிறான். உன் அக்கா பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். பதினெட்டு வரை வந்திருக்கிறேன். இந்தக் கடைசி வரிகளில் மை கலைந்திருந்தால் அத்தான் அழுதுவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே, தலையைத் துவட்டாமல் எழுதுகிறேன்.