மெத்தைக்கடை அணிக்கு வந்த வெற்றி

"ரெண்டு டஜன் மெத்தைக்குப் பாக்கி வசூல் பண்ணப் போனீங்களே, என்ன குடுத்தாரு?"

"கையில பணம் இல்லியாம். அதுக்குப் பதிலா ஒரு கால்பந்து டீமைக் குடுத்துட்டாரு."

"அதை எங்க வைக்கிறது?"

"வீட்ல வைக்க வேண்டாம்மா. அது மைதானத்துல இருக்கும்."

"சாப்பாடு?"

"அவங்கவங்க வீட்ல."

"அப்போ சரி" என்றாள் மனைவி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த இந்தப் பேச்சை மெத்தைக்கடைக்காரர் இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறார். அன்றைக்கு அவள் "அப்போ சரி" என்று சொல்லாமல் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தால், இன்றைக்கு லீக் அலுவலகத்தின் சுற்றறிக்கையைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு அவர் அவதிப்பட வேண்டியிருக்காது.

சுற்றறிக்கை சுருக்கமானது. மூன்றாம் பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி இனிமேல் கட்டாயமாக இரண்டாம் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த தொண்ணூறு நாளுக்குள் சொந்த மைதானத்தில் நான்கு விளக்குக் கோபுரமும் இரண்டாயிரம் நாற்காலியும் போட வேண்டும். மாட்டேன் என்றாலும் முடியவில்லை என்றாலும் அணி கலைக்கப்படும். பிரிவிலுள்ள பன்னிரண்டு அணிகளுக்கும் ஒரே தாள், ஒரே மை.

அது வந்த அன்று அவர் அணி ஒன்பதாம் இடத்தில் சௌக்கியமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே படித்தார்.

அவர் எல்லாவற்றையும் மெத்தையில்தான் கணக்குப் போடுவார். ஒரு மேட்ச் நடத்த ஏழு மெத்தை விற்க வேண்டும். வெளியூர் மேட்ச் என்றால் பதினொன்று. பார்க்க வருகிறவர்கள் நாற்பது பேர். அதில் பாதிப்பேர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், நிழலுக்காக உள்ளே வந்தவர்கள். இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பதினோரு பேர் பச்சைச் சட்டையோடு வரிசையாக ஓடிவரும்போது, அவருக்கு ஏனோ தன் பிள்ளைகள் பரீட்சை எழுதப் போவதுபோல நெஞ்சு அடைக்கும். பாஸாக மாட்டார்கள் என்று தெரிந்தும்.

ஒன்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தோற்றுக்கொண்டே இருந்தால் அணி பிழைக்கும். ஜெயித்தால் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அணி ஜெயித்தது.

"ஏதோ அதிர்ஷ்டம் சார்" என்றார் கேப்டன். அவர் பஸ் கண்டக்டர். ஜெயித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னார்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

அதற்கடுத்த வாரமும் ஜெயித்தது. மூன்றாவது வாரமும். மேலே இருந்த அணிகளுக்கு என்ன ஆயிற்றோ, படிக்கட்டில் கால் தடுக்கியவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே உருண்டன. அவர் அணி நாலாம் இடத்துக்கு வந்தது. அவர் நாலு கோபுரத்தின் விலையை விசாரித்தார். ஏழாயிரம் மெத்தை. அந்த ஊரில் அத்தனை பேர் படுத்துத் தூங்குவதே இல்லை.

கேப்டன் ஒருநாள் கடைக்கு வந்து நின்றார்.

"சார், மேல் பிரிவுல மேட்ச் எல்லாம் புதன்கிழமையா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"புதன்கிழமை எனக்கு டியூட்டி" என்று சொல்லிவிட்டு, ஒரு தலையணையை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

மெத்தைக்கடைக்காரர் காரியத்தில் இறங்கினார். அணியில் கோல் போடத் தெரிந்தவன் ஒருவன்தான், எலக்ட்ரீஷியன். அவனைக் கூப்பிட்டு, கிடங்கு முழுவதற்கும் புதிதாக ஒயரிங் செய்யச் சொன்னார். சனிக்கிழமைதான் செய்ய வேண்டும், மற்ற நாளில் பஞ்சு பறக்கும் என்றார். எலக்ட்ரீஷியன் மறுபேச்சுப் பேசவில்லை. சொல்லப்போனால், அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அவனுக்குப் பதிலாகக் கண்டக்டரின் சகலை இறங்கினார். நூற்றுப்பத்து கிலோ. எதிர் அணியின் பின்வரிசைக்காரர் உதைத்த பந்து, திரும்பி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சகலையின் முதுகில் பட்டு நேராக அவர்கள் வலைக்குள்ளேயே போயிற்று. ஒன்றுக்குச் சைபர். சகலைக்கு விஷயம் தெரியவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"இனிமே கோச்சை மாத்தறதுதான் வழி" என்று மெத்தைக்கடைக்காரர் முடிவு செய்தார்.

அவருடைய மைத்துனன் தொட்டது எதுவும் துலங்கியதில்லை. போட்டோ ஸ்டூடியோ வைத்தான். எல்லார் தலையும் பாதியோடு நின்றது. வாத்து வளர்த்தான், வாத்துகள் பக்கத்து வீட்டுக்காரரோடு போய்விட்டன. அப்படிப்பட்டவனைக் கோச்சாகப் போட்டார்.

"மாமா, எனக்கு கால்பந்து தெரியாதே!"

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். புதுப் பார்வை வேணும்."

"ஒரு டீமுக்கு எத்தனை பேரு?"

"நீயே பாத்து முடிவு பண்ணு."

மைத்துனன் கோல்கீப்பரை முன்வரிசைக்கு அனுப்பினான். கோல்கீப்பர் மருந்துக்கடைக்காரர், சீட்டில் எழுதியிருந்தால் எதையும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறவர், பேச்சு என்பதே இல்லாதவர். தலையாட்டிவிட்டு முன்னால் போய் நின்றார். கோல் வாசலில் யாருமே இல்லை. எதிர் அணி பன்னிரண்டு தடவை அந்த வெற்று வாசலைப் பார்த்து உதைத்தது. பன்னிரண்டும் மதிலைத் தாண்டிப் போயிற்று. பந்து தேடியே பாதி நேரம் கழிந்தது. கடைசியில் நான்குக்குச் சைபர். அதில் இரண்டு கோல் எதிர் அணியினர் தங்களுக்கே போட்டுக்கொண்டது.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னாச்சும்மா?"

"என் தம்பி வாழ்க்கையில முதல் தடவையா ஒரு காரியத்துல ஜெயிச்சிருக்கான். நீங்கதாங்க அவனை மனுஷனாக்கினீங்க."

அவர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"அவனுக்குப் பொண்ணு குடுக்கறேன்னு ரெண்டு இடத்துல கேட்டு வந்திருக்காங்க, தெரியுமா? கோச்சுன்னு சொன்னதும் ஒரே மரியாதை!"

சுற்றறிக்கையை அவளிடம் காட்டிவிடலாம் என்றுதான் அன்று வந்திருந்தார். தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்து ஷூ. பதினோரு ஜோடி புது ஷூ வாங்கினார், எல்லாம் ஆறாம் நம்பர். மலிவாகக் கிடைத்தது என்றார். ஆட்டக்காரர்கள் ஒரு வார்த்தை முனகாமல் அதற்குள் காலைத் திணித்துக்கொண்டு, கண்ணாடித் துண்டு மேல் நடப்பவர்கள்போல மைதானத்துக்குள் வந்தார்கள். எதிர் அணி கேப்டன் அதைப் பார்த்தார். பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஐயையோ, இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஆடுவீங்க? எங்க பையில கூடுதலா ஷூ இருக்கு, எடுத்துக்கோங்க. எங்க ஆளுங்களுதையும் கழட்டித் தர்றோம்!"

பாதிப்பேர் வெறுங்காலோடு ஆடி, அந்த அணி இரண்டுக்குச் சைபரில் தோற்றது.

"இந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்க இருக்காங்களா!" என்று மனைவி உருகினாள்.

ஏழாவது வெற்றியும் வந்து அணி முதலிடத்துக்குப் போன மறுநாள், பேங்க் மேனேஜர் கடைக்கு வந்தார். பத்தொன்பது வருஷமாக அவரைக் கண்டால் சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பி வைக்கிற மனிதர்.

"கடன் வேணும்னா கூச்சப்படாம கேளுங்க சார். ஜெயிக்கிற டீம்! கடையையும் வீட்டையும் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும், கோபுரம் போட்டுடலாம்."

"வட்டி?"

"மேல போற டீமுக்கு வட்டியும் கொஞ்சம் மேல போகும்."

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தட்டுக்குப் பக்கத்தில் வீட்டுப் பத்திரம் இருந்தது. துண்டில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு.

"மேனேஜர் இங்கயும் வந்தாரு" என்றாள் மனைவி. "பத்தொன்பது வருஷமா உங்க டீமை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! பஞ்சு மூட்டைன்னு சொன்னேன், தண்டச்சோறுன்னு சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. உங்க ஆசை நிறைவேறப் போகுது. எடுத்துக்கோங்க."

"இது வீடும்மா."

"தெரியும். ஏதாவது ஆச்சுன்னா கடையில படுத்துக்கலாம். மெத்தைக்கா பஞ்சம்?"

அவள் சிரித்தாள். பேங்க் மேனேஜர் கடையையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டது என்னவென்று பிறகு அவருக்கு நினைவில்லை.

கடைசி மேட்ச். எதிரே இரண்டாம் இடத்திலிருந்த குடைக் கம்பெனி அணி. கணக்கு எளிது: ஜெயித்தாலோ டிரா ஆனாலோ மெத்தைக்கடை அணி மேலே போகும், தோற்றால் குடைக் கம்பெனி போகும். குடைக் கம்பெனி முதலாளி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவரும் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவர்போல இருந்தார்.

"உங்க பசங்க நல்லா ஆடணும் சார்" என்றார் தழுதழுத்த குரலில்.

"உங்க பசங்களும்" என்றார் இவர். அதைவிட உண்மையான வார்த்தை அவர் வாயிலிருந்து அந்த வருஷம் வந்ததில்லை.

முதல் இருபது நிமிஷம் பந்து நடுவட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. இரு தரப்பும் அதை ஒருவருக்கொருவர், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நாற்காலி காட்டுவதுபோலத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு குடைக் கம்பெனியின் பின்வரிசைக்காரர் ஒருவர் தன் கோல்கீப்பரிடம் பந்தைக் கொடுக்கப் பார்த்தார். கொஞ்சம் வேகமாகக் கொடுத்துவிட்டார். கோல்கீப்பர் அப்போது குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்குச் சைபர்.

எதிரே பெண்கள் வரிசையில் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள். அவளுடைய மடியில் அந்தத் துண்டு மூட்டை இருந்தது. மேட்ச் முடிந்ததும் நேரே மேனேஜரிடம் போவதாகத் திட்டம். குடைக் கம்பெனி முதலாளி இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன பெருந்தன்மை என்று நினைத்தபோது மெத்தைக்கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

இடைவேளை விசில் ஊதியதும் எழுந்தார். நாற்பத்தைந்து நிமிஷம் பாக்கி. ஒரு வீடு, ஒரு கடை, ஒரு அணி. மானத்தைப் பார்த்தால் மூன்றும் போய்விடும்.

உடை மாற்றும் அறையில் வியர்வையும் ஈர சாக்ஸும் மணத்தன. மைத்துனன் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீ போய் ஐஸ் வாங்கிட்டு வா."

"யாருக்கும் அடிபடலியே மாமா?"

"இனிமே படலாம். போ."

அவன் போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பெஞ்சில் பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுக்குச் சைபர் முன்னால் இருக்கிற அணி மாதிரித் தெரியவில்லை. இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்டக்டரைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

"உங்ககிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேவலமா நினைக்காதீங்க." கையெடுத்துக் கும்பிட்டார். "தயவுசெஞ்சு தோத்துடுங்கப்பா."

யாரும் நிமிரவில்லை. பிறகு மூலையிலிருந்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"நாங்களும் எட்டு மேட்சா அதுக்குத்தான் சார் உயிரைக் குடுத்து ஆடறோம், ஒவ்வொரு தடவையும் எதிர் டீம்காரங்க நமக்கு முன்னாடி தோத்துடறாங்க."