மிருகத்தை எச்சரித்த மனிதர்

இந்தச் சனிக்கிழமை யாருடைய பீரோவையும் தூக்குவதில்லை என்று லிஃப்ட்காரர் உறுதி பூண்டார். வீரமான முடிவு. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு எடுத்த முடிவு.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஊராரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற உத்தியோகம். வீட்டுக்கு வந்ததும் அவரே தரைத்தளத்துக்கு இறங்கிவிடுவார். மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்தப் பள்ளிக்கூடக் காரில் ஸ்டியரிங் மாணவர் கையில் இருக்கும். கூடுதலாக ஒரு பிரேக் டீச்சர் காலடியில் இருக்கும். அவர்கள் குடும்ப வண்டியும் அதே தயாரிப்புதான். ஸ்டியரிங் இவர் கையில். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் அவள் காலில்.

டீச்சரின் அண்ணன் அன்றைக்கு வீடு மாறுகிறார். புது வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். அவரிடம் இரும்பு பீரோ ஒன்று உண்டு. அதைத் தூக்கியவர்கள் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கேள்விக்குறி மாதிரிதான் நடப்பார்கள். போன தடவை வீடு மாறியபோது லிஃப்ட்காரர் அப்படி நடந்தவர்.

அதுவும் போக, அன்றைக்குத்தான் அந்த மிருகப் படம் வெளியாகிறது. ஏரியிலிருந்து கிளம்பி ஊரை மென்று தின்னும் ராட்சச மிருகம். படம் முழுக்கக் கதாநாயகன் கையில் இருக்கிற சின்னக் கேமராவில் எடுத்த மாதிரி எடுத்திருக்கிறார்களாம். மிருகப் படம் என்றால் லிஃப்ட்காரருக்கு உயிர்.

துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் முகத்தில் கவலையைப் பூசிக்கொண்டார்.

"ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சும்மா. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒண்ணு நடுவுல நின்னுபோச்சாம். உள்ள ஆளுங்க இருக்காங்களாம்."

"குளிச்சிட்டுத்தானே இருந்தீங்க? போன் இங்க மேஜை மேல இருக்கு?"

"அது... குளிக்கப் போறதுக்கு முன்னாடியே வந்துச்சு. குளிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு."

டீச்சர் அவரை ஒரு முறை பார்த்தாள். பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

"சரி, போய்க் காப்பாத்துங்க. பீரோ எங்க ஓடிடப் போகுது."

தியேட்டரில் லிஃப்ட்காரர் சொர்க்கத்தைக் கண்டார். கொஞ்சம் ஆடுகிற சொர்க்கம். கதை எளிமையானது. புது வீட்டுச் சுவரில் தண்ணீர் கசிகிறது. கட்டடக்காரருக்கு அனுப்ப அதைப் படமெடுக்கிறான் கதாநாயகன். கசிவுக்குக் காரணம் குழாய் இல்லை, பின்னால் ஏரியில் புரண்டு படுத்த மிருகம். அவ்வளவுதான், ஓடுகிறான். அவன் ஓட, கேமரா ஓட, படம் ஓட, பார்க்கிறவர்களில் சிலர் கழிப்பறைக்கு ஓடினார்கள். இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்ட மனைவிக்காக, தப்பித்த பிறகும் அவன் ஊருக்குள் திரும்பிப் போகிறான். கேமராவை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

வெளியே வந்தபோது லிஃப்ட்காரருக்குத் தரை இடது பக்கம் சாய்ந்திருந்தது. வாசலில் ஒரு பெண், கையில் மைக். பக்கத்தில் கேமராவோடு ஒருவன். வருகிறவர்களையெல்லாம் மறித்துக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படமாங்க இது? எங்க வீட்டுக் கல்யாண வீடியோல கூடத் தலை தெரிஞ்சுது. இதுல மிருகத்தோட வாலை மட்டும்தான் பார்த்தேன்," என்றார் ஒருவர்.

"செம! வேற லெவல்! நெக்ஸ்ட் என்ன, நெக்ஸ்ட் என்னன்னு... எனக்கு வாந்தி வருது, தள்ளுங்க," என்றான் ஓர் இளைஞன்.

"கண்ணாடி பவர் ஏறிடுச்சுன்னு நினைச்சேன். கழட்டிட்டுப் பார்த்தேன். அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு," என்றார் ஒரு பெரியவர்.

லிஃப்ட்காரர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நழுவப் பார்த்தார். நழுவியிருப்பார். ஆனால் அந்தப் பெண், "அப்போ படம் ஃபிளாப்னு சொல்லலாமா?" என்று கேட்டது காதில் விழுந்துவிட்டது. ரசிகன் ரத்தம் கொதித்தது. கைக்குட்டையை இறக்கினார்.

"யாரு ஃபிளாப்னு சொன்னது? மிருகம் துரத்தறப்ப கேமரா ஆடாம இருக்குமா? அவன் என்ன பாஸ்போர்ட் போட்டோவா எடுக்கறான்? பயத்தைக் காட்டறது ஈஸிங்க. பயந்தவன் கையைக் காட்டறதுதான் கஷ்டம்!"

கூட்டம் கைதட்டியது. வீட்டில் கிடைக்காத சத்தம். லிஃப்ட்காரர் ஒரு மாடி உயர்ந்தார்.

"சூப்பர் சார்! ஹீரோ பொண்டாட்டியைக் காப்பாத்தத் திரும்பிப் போறாரே, நீங்களா இருந்தா போவீங்களா?"

"நானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் அவருக்கு பிரேக் போட ஆள் இல்லை. "திரும்பிப் போவேன். நேரா மிருகத்துக்கிட்ட போய், 'ஐயா, உங்க நல்லதுக்குச் சொல்றேன், சீக்கிரம் கிளம்பிடுங்க. உள்ள மாட்டிட்டிருக்கிறது என் பொண்டாட்டி'ன்னு எச்சரிச்சிட்டு நான் பாட்டுக்கு வந்துடுவேன்!"

தியேட்டர் வாசலே குலுங்கிச் சிரித்தது.

அந்தப் பெருமை வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் நீடித்தது. பிறகு கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர் போன் செய்தார்.

"அண்ணே, வைரல் ஆயிட்டீங்க!"

"காய்ச்சலா? எனக்கா?"

"வீடியோண்ணே! படத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல, உங்களைப் பத்தித்தான் பேசறாங்க. 'மிருகத்தை எச்சரித்த மனிதர்'னு பேரே வெச்சுட்டாங்க. கீழ கருத்தைப் படிச்சுப் பாருங்க."

படித்தார். 'இவர்தான் உண்மையான ஹீரோ.' 'அண்ணனோட கண்ணுல தெரியுது மிருகத்தை நேர்ல பார்த்த பயம்.' 'மேடம் இதைப் பார்த்தாங்கன்னா அடுத்த பாகத்துல அண்ணன் இல்ல.' லிஃப்ட்காரருக்குத் தரை இப்போது வலது பக்கம் சாய்ந்தது. வைரல் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கி மெத்தைக்கு அடியில் ஒளித்தார். டீச்சரின் போனில் எப்போதும் வீட்டு இணைப்புதான். கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும். அதுவரை அவள் பார்க்காமல் இருந்தால் போதும்.

சாயங்காலம் டீச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலையெல்லாம் தூசி.

"லிஃப்ட் சரியாச்சா?"

"ஆச்சும்மா. பாவம், உள்ள ஒரு டாக்டர், ஒரு நர்ஸ்."

"எவ்வளவு நேரம் மாட்டியிருந்தாங்க?"

"ரெண்டு மணி நேரம், இடைவேளையைச் சேர்த்து."

"இடைவேளையா?"

"நடுவுல... நடுவுல நான் டீ குடிக்கப் போனேன்."

"அவங்களை உள்ள விட்டுட்டா?"

"ஓட்டை வழியா அவங்களுக்கும் குடுத்தேன்!"

டீச்சர் மெதுவாகத் தலையாட்டினாள். "அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பெட்டியெல்லாம் நானும் அண்ணியும்தான் ஏத்தினோம். பீரோ கீழேயே நிக்குது." போனை எடுத்துத் தடவினாள். "என்ன, நெட் வரல?"

"தெரு முழுக்க இல்லம்மா. கேபிள் அறுந்துபோச்சாம்."

"சரி, பரவாயில்ல," என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த 'பரவாயில்ல'தான் லிஃப்ட்காரரைப் பயமுறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. கேட்காமலே தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். சமையலும் அவரே செய்தார். அவள் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாள். பயம் இன்னும் கூடியது.

மறுநாள் காலை அவள் தலை சீவிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, சினிமாவுக்குப் போலாமா? என் ஸ்டூடண்ட் ஒருத்தி சொன்னா, ஏதோ மிருகப் படம் வந்திருக்காம்."

லிஃப்ட்காரர் கையிலிருந்த டம்ளர், கதாநாயகனின் கேமராவைப் போல ஆடியது.

"ஐயோ, அந்தப் படமா! வேணாம்மா. கேமரா ஒரே ஆட்டமாம். தலை சுத்துமாம். மிருகத்தோட வால் மட்டும்தான் தெரியுமாம். கல்யாண வீடியோவே தேவலாமாம்."

நேற்று எந்தக் கருத்துகளை எதிர்த்து முழங்கினாரோ, அவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். தன் வாயாலேயே தன் படத்தைக் கொன்றுவிட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தவங்க எல்லாம் கருத்துப் போட்டிருக்காங்களே!"

"எங்க போட்டிருக்காங்க? நெட்தான் இல்லையே?"

சில கேள்விகளுக்கு பதில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான். கிளம்பினார்.

தியேட்டரில் பாதிப் பேர் அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள். "அண்ணே, மிருகத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான். "என்னை வேற யாரோன்னு நினைச்சுட்டான்," என்று மனைவியிடம் முனகினார். ஏற்கெனவே பார்த்த ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாகத் திடுக்கிட வேண்டியிருந்தது. அவசரத்தில் இரண்டு இடங்களில் மிருகம் வருவதற்கு முன்பே அலறிவிட்டார்.

கதாநாயகன் மனைவியைத் தேடித் திரும்பிப் போகும் காட்சி வந்தது. டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று. லிஃப்ட்காரர் இருட்டில் அவள் தோளைப் பார்த்தார். தைல வாசனை வந்தது. பெட்டி ஒவ்வொன்றையும் இந்தத் தோள்தான் நாலு மாடி ஏற்றியிருக்கிறது. அவருக்கு வாழ்க்கையே கசந்துவிட்டது. வயரை எந்த மெத்தைக்கு அடியில் ஒளித்தாரோ அந்த மெத்தைக்கு அடியில் தானும் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

படம் முடிந்ததும், "அந்தப் பக்கம் கூட்டம் இல்லம்மா," என்று பின்வாசலுக்கு இழுத்தார். டீச்சர் முன்வாசலுக்கே நடந்தாள். அங்கே அதே பெண், அதே மைக்.

"வாங்க டீச்சர்!" என்றாள் மைக் பெண்.

"டீச்சரா?" என்றார் லிஃப்ட்காரர். குரல் எங்கோ தரைத்தளத்திலிருந்து வந்தது.

"எங்கிட்டதாங்க வண்டி கத்துக்கறா. நல்ல பொண்ணு. எதையும் எங்கிட்ட காட்டிட்டுத்தான் செய்வா. நேத்து நீங்க பேசினதை வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அனுப்பிட்டா. அண்ணன் வீட்டுப் படிக்கட்டுல உக்காந்து, அண்ணன் போன் நெட்டுலயே எல்லாரும் பார்த்தோம்."

"டீச்சர், படம் எப்படி இருந்துச்சு? சார் மிருகத்தை எச்சரிச்சிட்டு வந்துடுவேன்னு சொன்னாரே, அதைப் பத்தி உங்க கருத்து?"

டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள்.

"படம் நல்லா இருக்கு. ஆனா இவர்கிட்ட நீங்க ரொம்பப் பெரிய கேள்வியா கேட்டுட்டீங்கம்மா. மிருகம் வந்தா வருவாரான்னு கேட்டீங்க. பீரோ வந்ததுக்கே வரலைங்க, இவரு."

நேற்று அவருக்குக் கைதட்டிய அதே இடம். இன்று கைதட்டல் இரண்டு மடங்கு. விசில் வேறு.

"ஆனா மனசு கெட்டவரில்ல," என்று டீச்சர் தொடர்ந்தாள். "இன்னைக்கு அந்த பீரோவை அவரே மேல ஏத்திக் குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. வேணும்னா வந்து படம் எடுத்துக்குங்க."

எப்போது சொன்னார் என்று லிஃப்ட்காரர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டினார்.

புது வீட்டு வாசலில் பீரோ நின்றது. படத்து மிருகத்துக்காவது வால் மட்டும்தான் தெரிந்தது. இது முழுசாகத் தெரிந்தது. மச்சான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேல்பக்கத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்தார். அடிப்பக்கம் லிஃப்ட்காரருக்கு. படியில் ஏறும்போது பாரம் முழுக்க அடியில் நிற்கிறவன் தலையில்தான் இறங்கும் என்பது லிஃப்ட் தொழிலின் அரிச்சுவடி.

"மாப்ள, மெதுவா. இடிச்சிடாதீங்க."

"என்னையா, பீரோவையா?"

"பீரோவைத்தான்."

மைக் பெண் கைப்பிடியோரமாக ஒண்டி, அவரோடு கூடவே ஏறிக்கொண்டே மைக்கை நீட்டினாள். "சார், இப்ப சொல்லுங்க. டீச்சர் மாட்டிக்கிட்டா திரும்பிப் போவீங்களா?"

மூன்றாவது மாடித் திருப்பத்தில், கன்னம் இரும்போடு நசுங்கியிருக்க, லிஃப்ட்காரர் முதல் முறையாக உண்மையைச் சொன்னார். "போவேம்மா. அவ இல்லாம தனியா வந்து நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு என் மூக்குக் கண்ணாடி எங்க இருக்குன்னே அவதான் சொல்லணும்."

மைக் பெண்ணின் கண் கலங்கியது. மேல்படியில் நின்ற டீச்சர் அவரையே பார்த்தாள். முகம் இளகிய மாதிரி இருந்தது. லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பீரோ உடனே அதை மடக்கியது.

"அங்க நின்னு பேசாதீங்க," என்றாள் டீச்சர். "மேல வந்து பேசுங்க."

நாலாவது மாடி வந்தது. படுக்கையறை வந்தது. சுவரோரம் பீரோவை இறக்கியபோது அதன் கால்கள் தரையில் இருந்த நான்கு கறுப்பு அடையாளங்களின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். உடம்பில் ஓர் எலும்பும் அதன் இடத்தில் இல்லை. ஆனாலும் மனசு லேசாகியிருந்தது. செய்த பாவத்தைத் தலையில் சுமந்து நாலு மாடி ஏறி இறக்கி வைத்துவிட்டார்.

"பரவாயில்ல மச்சான்," என்றார் திணறலோடு. "அளவெடுத்து, முன்கூட்டியே தரையில அடையாளமெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களே!"

"அடையாளம் போடல மாப்ள," என்றார் மச்சான், இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நேத்தே லோடு ஆளுங்களை வெச்சு ஏத்தி, இங்கதான் நிறுத்தியிருந்தோம். தங்கச்சி சொன்னான்னு, நீங்க ரெண்டு பேரும் படத்துல இருந்தப்பதான் அதே ஆளுங்களைக் கூப்பிட்டுக் கீழ இறக்கி வெச்சேன்."