ஆராய்ச்சிக்குக் கொசுறு

சான்ட்ரிங்ஹாம், ஆக்லாந்து

மதிப்புக்குரிய மச்சான் மாரிசாமி அவர்களுக்கு, பழனிவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை புஷ்பவதியும் சுகம். விருதுநகரில் உங்கள் கடையும் முட்டிவலியும் எப்படி என்று அறிய ஆவல். போனில் பேசினால் புஷ்பவதி காதில் விழும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் மருமகள் தாரிணி பற்றியது. டாக்டருக்குப் படித்து முடித்த பெண், இப்போது வாரத்தில் பாதி ஆஸ்பத்திரி, பாதி ஆராய்ச்சி என்று ஒரு பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். "நோயாளியைப் பாக்குறவளே ஆராய்ச்சியும் பண்ணினாத்தான்ப்பா எந்தக் கேள்வியைக் கேக்கணும்னு தெரியும்" என்கிறாள். நான் மளிகைக்கடைக்காரன். துவரம்பருப்பு ஏன் விற்கிறது என்று ஆராய வாரத்தில் பாதி நாள் ஷட்டரை இறக்கினால் கடை நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆராய்ச்சி என்னவென்றால், நம் ஊர்க்காரர்களின் சர்க்கரைக்கு ஒரு புது மாத்திரை. ஆள் வரவில்லை என்று முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். பெற்ற மனசு கேட்குமா, என் வாடிக்கையாளர்களைப் பிடித்து அனுப்பினேன். பிறகுதான் தெரிகிறது, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையாம், யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கே தெரியாதாம். கையெழுத்து வாங்கும்போதே சொல்லித்தான் வாங்குகிறார்கள், இருந்தாலும் மச்சான், காலிப் பொட்டலத்தைக் கட்டிக் குடுத்தா நம்ம தொழில்ல அதுக்குப் பேரு என்ன? யாழ்ப்பாணத்துச் செல்வரத்தினம் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, "பழனி அண்ணை, எனக்குத் தாறது மெய்க்குளிசையோ, பொய்க்குளிசையோ? உங்களை நம்பித்தானே போனனான்" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று, ஆராய்ச்சிக்குப் போய்வருகிற எல்லாருக்கும் கொசுறாக ரெண்டு அதிரசம் மடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். அவ்வளவுதான், ஊரின் மறுகோடி ரானுயியிலிருந்தெல்லாம் காரைப் போட்டுக்கிட்டு வர்றாங்க. எந்த மாத்திரை தின்றவருக்கும் சர்க்கரை ஏறுது. ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் மருந்தையே சந்தேகப்பட்டுவிட்டார். தாரிணி கடைக்கு வந்து அதிரசத் தட்டைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"கொசுறும்மா."

"சர்க்கரை நோயாளிக்கு அதிரசமா?"

"வெல்லந்தாம்மா. சர்க்கரை ஒரு துளி சேக்கல."

அவள் சிரிக்கவில்லை. நேரே பேராசிரியரிடம் போய், இது எங்கப்பா வேலை என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை கூடி, அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்கிறார்களாம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைக் கேட்டால் அனுப்பிவிடுவதே நல்லது. அனுப்பாவிட்டால் நீங்கள் தாய்மாமன் முறைக்குப் போன் போட்டு, "ஆராய்ச்சி போதும், ஆஸ்பத்திரியை மட்டும் பாரு தாயி" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கல்லா நிறையவும், முட்டி மடங்கவும், வீட்டில் யாருக்கும் எந்த மாத்திரையும் தேவைப்படாமல் இருக்கவும் ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
பழனிவேல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதிரசம் கலந்த முடிவுகளைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி, தாரிணியை வைத்துக்கொண்டார்கள். "வேற ஆராய்ச்சியில பாதிப் பேரு நடுவுலயே ஓடிருவாங்க. உங்க ஆளுங்க ஒருத்தர்கூட ஓடலப்பா, அவங்களைப் பாத்துக்க நீங்களும் வாங்க" என்று என்னையும் இழுத்துவிட்டாள். இனிமேல் கொசுறு கறிவேப்பிலைதான், அதற்குப் பேராசிரியரும் சம்மதம். ஆகையால் அவளுக்குப் போன் போட வேண்டாம். புதன்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கும் போட வேண்டாம். ஷட்டர் இறங்கியிருக்கும், நான் ஆராய்ச்சியில் இருப்பேன்.