தாய்மாமனுக்கு நான்கு ஓட்டு

திருக்கழுக்குன்றம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள தங்கை கன்னியம்மாவுக்கு,

உன் அண்ணன் முனிசாமி எழுதுவது. வேதகிரீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி விஜயகுமாரியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் புடவைக் கடையில் நீயும் உன் வீட்டுக்காரர் மாப்பிள்ளை சீனுவும் லெமன் ஜூஸ் குடித்தது வரைக்கும் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டேன். என் போனில் அல்ல, அண்ணியின் போனில். என் நம்பரைத்தான் நீ பிளாக் செய்துவிட்டாயே.

உன் மகள் காயத்ரியின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான். என் தங்கை என்னோடு பேசாத கல்யாணத்தில் நான் எந்த முகத்தோடு வந்து நிற்பது? அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறியது முழுக்க முழுக்கக் கைதவறி நடந்தது. அன்று சனிக்கிழமை. தலையிலும் கையிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மூக்குக் கண்ணாடி உள்ளே ஆணியில் தொங்கியது. போனில் இடமில்லை என்று அது காலையிலிருந்து அழுதுகொண்டிருந்ததால், நம் சொந்தக்காரர்கள் அனுப்பிய பத்தொன்பது காலை வணக்கத்தையும் அழிக்கலாம் என்று எடுத்தேன். வழுக்கும் விரலோடு ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கிறது, அது ஏதோ கேட்டது, போன் எதைக் கேட்டாலும் சரி என்று அமுக்கிவிடுவதுதான் என் வழக்கம், அமுக்கினேன், அவ்வளவுதான், நீங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் மாயமாகிவிட்டீர்கள். முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். அதில் பிரேக் எங்கே, கிளட்ச் எங்கே என்று காலுக்கே தெரியும். போனில் நேற்று இருந்த பட்டன் இன்றைக்கு இருப்பதில்லை.

குழுவை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம். அட்மின் மாப்பிள்ளை சீனுவாக இருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. நம் பக்கத்தில் உறவை அறுக்கிறவன் பத்துப் பேர் முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவான். நான் அதைத்தான் போனில் செய்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பத்து நிமிடத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"இன்னா மச்சான், இன்னா நெனச்சிகினு கீற? அத்தினி பேரு முன்னாடி எங்கள வோணான்னு பூட்டியே! கன்னி அழுதுகினு கீது."

"கை வழுக்கிடுச்சி மாப்ள."

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் கீறப்ப கரெக்டா வழுக்கும், இல்ல?"

அதோடு போன் கட்டாகிவிட்டது. உன் அண்ணியிடம் சொன்னேன். "பட்டன் அமுக்கனா ஒறவு பூடும்னா, நான் முப்பது வருசம் முன்னாடியே உன்ன அமுக்கினு இருப்பேன்" என்றாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

சரி, நேரில் வந்து சொன்னால் ஆயிற்று என்று மறுநாள் தாம்பூலத் தட்டோடு பஸ் ஏறினேன். வாழைப்பழம் ஒரு சீப்பு, மாதுளை ஐந்து, வெற்றிலை பாக்கு, பூ. சிங்கபெருமாள் கோவிலில் இறங்கி உங்கள் புது அடுக்குமாடிக்கு நடந்து வந்தால், வாசலில் செக்யூரிட்டி என் பெயரைக் கேட்டான், போட்டோ எடுத்தான், ஏதோ ஆப்பில் போட்டு உனக்கு அனுப்பினான். இருவரும் காத்திருந்தோம். எனக்குப் பின்னால் வந்த பிரியாணிக்காரன் உள்ளே போனான், அவனுக்குப் பின்னால் வந்த தண்ணீர் கேன்காரன் உள்ளே போனான். கடைசியில் செக்யூரிட்டி போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், மேடம் ரிஜெக்ட் பண்ட்டாங்க. நீங்க அவுங்களுக்கு இன்னா வோணும்?"

"அண்ணன்பா."

"அண்ணன்னு போட இதுல எடமில்ல சார். கெஸ்ட், டெலிவரி, மெய்ட், அவ்ளோதான்."

கன்னி, நம் அப்பா சாவுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. தட்டை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவது அபசகுனம் என்று பழத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். நல்ல பையன். "தபால் வந்தா பர்மிஷன் கேக்கறதில்ல சார், நேரா பெட்டில போட்ருவோம்" என்று வழி சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஏற்பாட்டுக்கார அம்மா ஜெஸ்ஸி குழுவில் வைத்த ஓட்டெடுப்பினால் எனக்குக் கோபம் என்று ஊரில் பேசுகிறார்களாம். சுத்தப் பொய். திருவிடந்தைக் கடற்கரையில் சூரியன் கிளம்பும்போது தாலி ஏற வேண்டும், இடையில் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, தாய்மாமன் பட்டம் கட்டுவதா, டிரோனில் தாலி பறந்து வருவதா என்று கேட்டார்கள். டிரோனுக்கு நாற்பத்தோரு ஓட்டு, எனக்கு நான்கு. அந்த நான்கில் ஒன்று நான், ஒன்று உன் அண்ணி, ஒருவர் இரண்டுக்குமே போட்டவர், இன்னொருவர் தெரியாமல் தொட்டுவிட்டதாக மன்னிப்புக் கேட்டவர். ஜனங்கள் தீர்ப்பு அது. நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் நம் வீட்டில் எந்தப் பெண் கழுத்திலும் தாலி ஏறியதில்லை என்பது உண்மைதான். ஆனால் காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டும். எங்கள் மலைக் கோயிலுக்குப் பிரசாதம் சாப்பிடக் கழுகு வருவது நின்றே எவ்வளவோ வருடமாகிறது, உன் வீட்டுக் கல்யாணத்துக்காவது ஒன்று பறந்து வரட்டும். எனக்கு மனதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே, எண்ணெய்க் கை செய்த பிழையைப் பொறுத்து என்னைக் குழுவில் சேர்த்துக்கொள். காயத்ரி பதினாறும் பெற்று நிறைவாக வாழ மாமனின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை சீனுவுக்கு என் வணக்கம். அவருடைய சர்க்கரைக்கு அந்த லெமன் ஜூஸ் ஆகாது என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
முனிசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். அன்று நான் எண்ணெய் தேய்க்கவில்லை. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. நன்றாகப் படித்துப் பார்த்துத்தான் அமுக்கினேன். ஓட்டைத் தொட்டால் யார் யார் போட்டார்கள் என்று பெயர் வரும் என்று உன் அண்ணி காட்டிக் கொடுத்துவிட்டாள். நாற்பத்தோரு பேரையும் வரிசையாகப் படித்தேன். மாப்பிள்ளை பெயர் இருந்தது, கோபம் வரவில்லை. காயத்ரி பெயர் இருந்தது, சின்னப் பெண், ஆசை இருக்காதா என்று விட்டுவிட்டேன். அதற்குக் கீழே உன் பெயர். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை கன்னி. பட்டம் செய்து வாங்கி வந்து பூஜை அலமாரியில் வைத்து ஒரு மாதமாகிறது. என்னைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் முகூர்த்தத்தன்று விடியற்காலை அந்த மணலில் வந்து நிற்பேன். தாலியோடு அது பறந்து வரும்போது ஜனமெல்லாம் அண்ணாந்து பார்க்கும். நீ மட்டும் மேலே பார்க்காதே. என்னைப் பார்.