மேல்நிலை மைத் தொட்டி

காகிதமில்லா நிர்வாகம் என்னும் உயரிய நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டுச் சங்கரன்கோவிலில் சான்றிதழ் அச்சளிப்பு மையம் திறக்கப்பட்டபோது, அங்கே முதலில் வந்து இறங்கியது நாற்பது கட்டுக் காகிதம். அடுத்து ஒரு பிரிண்டர் வந்தது. அதற்குப் பிறகுதான் மைய அலுவலர் ஆனந்தகுமார் வந்தார்.

முன்பெல்லாம் சான்றிதழை ஒரு குமாஸ்தா பேனாவால் எழுதி, முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிடுவார். அதில் முறைகேடு நடக்க வாய்ப்பிருக்கிறதாம். ஆகவே விண்ணப்பம், ஒப்புதல், கையெழுத்து எல்லாம் கணினிக்குப் போய்விட்டன. சான்றிதழ், மையத்தில் உள்ள ஒரே கணினியில்தான் திறக்கும். அதனுடன் இணைத்த ஒரே பிரிண்டரில்தான் அச்சாகும். அதுவும் ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை கேட்டால், "ஏற்கெனவே அச்சிடப்பட்டது" என்று கணினி கறாராகச் சொல்லிவிடும். போலிச் சான்றிதழ் அடிக்கிறவர்கள் யாரும் இந்தப் பிரிண்டரை நம்பித் தொழில் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

பிரிண்டரோடு வந்த மை டப்பாக்கள் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டதால், பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு மைத் தொட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் நான்கு அறைகள். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு மைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் பிரிண்டருக்குள் போகும். ஒவ்வோர் அறையின் தலையிலும் மை ஊற்ற ஒரு மூடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தது. ஓட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கப் பொருளில் ஓட்டை இருப்பது யாருக்கும் புதிதில்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் மாலை, அலுவலக உதவியாளர் பிச்சையா சந்தனக் கிண்ணத்தோடு புறப்பட்டார். பக்தியில் அவருக்குப் பாரபட்சம் கிடையாது. கணினி, மின்விசிறி ஸ்விட்ச், ஸ்டேப்ளர், வேலை செய்யாத குளிர்சாதனப் பெட்டி, அலுவலரின் நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மைத் தொட்டிக்கு வந்ததும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. பொட்டு வைப்பதற்கென்றே நான்கு குழிகள் வரிசையாக இருந்தன. நான்கிலும் கட்டை விரலால் அழுத்தி வைத்தார்.

திங்கட்கிழமை மையம் திறந்தபோது வரிசையில் முதல் ஆள் கனகலட்சுமி. பனவடலிசத்திரத்துக்காரி. களை எடுப்பு, நாற்று நடவு என்று கூலி வேலைக்குப் போகிறவள். மகள் முத்துமாரிக்குத் திருநெல்வேலியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் இடம் நிற்கும்; இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இரண்டாவதாக சுகிர்தா நின்றாள், தையல் கடை வைத்திருக்கிறவள். இருப்பிடச் சான்றிதழுக்காக மூன்றாவதாக நின்றவன் நான்.

கணினியில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி முத்துமாரியின் சான்றிதழைத் திறந்து, அச்சிடும் பொத்தானைத் தட்டினாள். பிரிண்டர் முனகியது. "மை இல்லை" என்று திரையில் எழுத்து வந்தது. தொட்டியைப் பார்த்தால் மை கழுத்துவரை நிற்கிறது.

இதை ஆனந்தகுமாரிடம் சொன்னார்கள். அவர் வந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு இருப்புப் பதிவேட்டைப் பார்த்தார். மை நிறைவாக உள்ளது என்று அதில் எழுதியிருந்தது. திரையோ மை இல்லை என்கிறது. அரசின் இரண்டு ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது மிகத் தீவிரமான நிலைமை என்று அவர் கருதினார். இரண்டில் எது பொய் என்பதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தரும்படி செண்பகவல்லிக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தார். விளக்கத்தை அச்சில் தரவேண்டும் என்றும் அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பிரிண்டரின் தலையைச் சுத்தம் செய்யும்படி திரை யோசனை சொன்னது. செண்பகவல்லி செய்தாள். அது மறுபடியும் சொன்னது. இவளும் மறுபடியும் செய்தாள். ஒவ்வொரு சுத்தத்துக்கும் பிரிண்டர் தன் வயிற்றில் கிடந்த மையிலேயே கொஞ்சம் எடுத்துக் குடித்துக்கொண்டது. ஏழாவது தடவைக்குப் பிறகு, அதற்குள் ஒரு சொட்டு மைகூட இல்லாமல் மிகவும் சுத்தமாக இருந்தது. அன்றைய அறிக்கையில் "பராமரிப்புப் பணி திருப்திகரமாக முடிந்தது" என்று ஆனந்தகுமார் எழுதினார்.

"மை இருக்கு யக்கா, ஆனா வரமாட்டேங்கு" என்று செண்பகவல்லி கனகலட்சுமியிடம் பாவமாகச் சொன்னாள். கனகலட்சுமி வேலைக்குப் போகாமல் இரண்டு நாளாக நிற்கிறாள். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஆனந்தகுமாருக்கு ஞானம் பிறந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர் கண்ணில் குடிநீர் மேல்நிலைத் தொட்டி பட்டது. தண்ணீர் உயரத்தில் இருப்பதால்தானே வீடுகளுக்கு வருகிறது? மை தரையோடு தரையாக மேஜைமேல் கிடந்தால் எப்படி வரும்? மேல்நிலைத் தொட்டி கட்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று இவ்வளவு உறுதியாக நம்புகிறவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறாரோ தெரியவில்லை. எங்கள் தெருவில் இல்லை.

உடனே ஆணை பிறந்தது. "மையானது தாழ்ந்த இடத்தில் இருப்பதே அதன் மந்த நிலைக்குக் காரணம் எனக் கருதப்படுவதால், மேற்படி மைத் தொட்டியைப் பொதுமக்கள் நலன் கருதி உயரமான இடத்தில் நிறுவ இதன்மூலம் ஆணையிடப்படுகிறது." உயரமான இடமாக இரும்பு பீரோவின் உச்சி தேர்வானது. குழாயின் நீளம் போதவில்லை. மீன் தொட்டி விற்கும் கடையிலிருந்து பிச்சையா குழாய் வாங்கிவந்து ஒட்டுப்போட்டார்.

வியாழக்கிழமை திறப்பு விழா. வாசலில் பன்னிரண்டு அடிக்கு ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "சங்கரன்கோவிலின் முதல் மேல்நிலை மைத் தொட்டி" என்று கொட்டை எழுத்து, ஆனந்தகுமார் கைபேசியில் பேசுவதுபோல் ஒரு படம், பின்னால் அருவி. முந்தின நாள் மாலை சொல்லி, ஒரு மணி நேரத்தில் அடித்து வாங்கியதாம். கனகலட்சுமி அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே அலுவலரிடம் போனாள்.

"சார், இத்தாம் பெரிசு அடிக்கிற மிஷின் ஊருக்குள்ள இருக்குல்லா. அதுல ஒரு ஓரமா எம் மவ பேரையும் அடிச்சுத் தரச் சொல்லுங்களேன். நான் சுருட்டிக் கொண்டு போயிருதேன்."

அது தனியார் இயந்திரம், அதில் வருவது சான்றிதழ் ஆகாது என்று ஆனந்தகுமார் பொறுமையாக விளக்கினார். பிறகு ரிப்பன் வெட்டினார். எல்லோரும் கை தட்டினோம். செண்பகவல்லி பொத்தானைத் தட்டினாள். பிரிண்டர் முனகியது. திரையில் "மை இல்லை" என்று வந்தது.

கனகலட்சுமிக்கு அப்போது பொறுமை போய்விட்டது.

"சார், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. எண்ணெ டின்னுல ஒத்த ஓட்டை போட்டா ஒழுங்கா விழாது. காத்து போக இன்னொரு ஓட்டை போட்டாத்தான் விழும். இதுக்குக் காத்து போற ஓட்டையில அண்ணாச்சி சந்தனத்த அப்பி வச்சிருக்காவ. அதை நோண்டி எடுத்தா மை வரும்."

பிச்சையா தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார் ஆனந்தகுமார்.

"அஞ்சாப்பு."

"இது தொழில்நுட்பப் பிரச்சினைம்மா. தொழில்நுட்பத் தகுதி உள்ளவங்கதான் கருத்துச் சொல்லணும். அதுவும் பூஜையில வச்ச சந்தனம். சமய உணர்வு சம்பந்தப்பட்டது. அதை எடுக்கச் சொல்லி நான் வாய்மொழியா உத்தரவு போட முடியாது. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்."

"எழுதியாச்சா சார்?"

"தட்டச்சு ஆயிடுச்சு. பிரிண்ட் எடுக்கணும்."

அன்றைய அறிக்கையில், "பொதுமக்களின் கருத்தும் கேட்டறியப்பட்டது" என்ற வரி சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே முத்துமாரி, கல்லூரிக்கு வேண்டிய மற்ற காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மாவோடு வந்து நின்றாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. திருநெல்வேலிக்குப் பேருந்தில் எப்படியும் இரண்டு மணி நேரம். ஐந்து நாளில் வரிசையில் நாங்கள் ஒரு குடும்பம்போல் ஆகியிருந்தோம். சுகிர்தா கனகலட்சுமிக்குப் பாதி இட்லி கொடுப்பாள். கனகலட்சுமி எனக்கு இடம் பிடித்துவைப்பாள். இந்த அதிகாரிகளை எல்லாம் வயலில் இறக்கி நாற்று நட வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது.

பன்னிரண்டரை மணிக்கு ஆனந்தகுமாருக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர் எழுந்து நின்று, "யெஸ் சார்" சொல்லத் தொடங்கினார். அது முடியக் கால் மணி நேரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கனகலட்சுமி ஸ்டூலை இழுத்துப் பீரோ பக்கம் போட்டாள், ஏறினாள். தாலிக் கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி, நான்கு ஓட்டைகளையும் வரிசையாகக் குத்தினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

மை வந்தது.

அவள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தொட்டி பிரிண்டருக்குச் சமமாக இருந்திருந்தால் மை கேட்கும்போது மட்டும் வந்திருக்கும். ஆறடி உயரத்தில் ஏற்றிவிட்டதால், கேட்காமலேயே வந்தது. திங்கட்கிழமையிலிருந்து காத்துக்கிடந்த பிரிண்டர், மை கண்ட மகிழ்ச்சியில் முத்துமாரியின் சான்றிதழைத் தானாகவே அடிக்க ஆரம்பித்தது. அரசு முத்திரை அழகாக வந்தது. பெயர் வந்தது, தகப்பன் பெயர் வந்தது, ஊர் வந்தது. அடுத்த வரிக்குத் தலை நகர்ந்தபோது நான்கு நிற மையும் ஒன்றாகக் கலந்து பொத்தென்று விழுந்தது. காகிதம் வெளியே வந்த பின்னாலும் மை நிற்கவில்லை. மேஜை, தரை, பதிவேடு, தொலைபேசியோடு ஓடிவந்த ஆனந்தகுமாரின் வெள்ளைச் சட்டை எல்லாம் நனைந்தபிறகுதான் தொட்டி காலியானது. இம்முறை "மை இல்லை" என்று திரை சொன்னது உண்மை.

கனகலட்சுமி சான்றிதழை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. எந்தச் சாதி என்று சொல்லும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. செண்பகவல்லி மறுபடியும் பொத்தானைத் தட்டிப் பார்த்தாள். "ஏற்கெனவே அச்சிடப்பட்டது" என்றது கணினி; சான்றிதழைத் திரையில் திறந்து காட்டவும் மறுத்துவிட்டது.

அரசாங்கத்திடமிருந்து சாதி இல்லாமல் வெளிவந்த முதல் சாதிச் சான்றிதழ் அது. அது எங்களை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுகிர்தா கறையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிச்சையா அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் பின்னால் நின்ற இருபது பேரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் இடம் போகப்போகிறதே என்ற கவலை ஒரு பக்கம் இருக்கட்டும், கறைக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியாமல் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நாளாக யாரும் கேட்காத கேள்வியைச் சுகிர்தாதான் மெல்லக் கேட்டாள்.

"ஆமா யக்கா, நீங்க எந்த ஆளுக?"

கனகலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எம் பிள்ளைக்கு சீட்டு போகப்போவுதுன்னு குலை பதறிப்போயி நிக்கேன். ஒனக்கு இதுதான் இப்பம் வேணுமா?" என்றாள். சுகிர்தா கூரையைப் பார்த்தாள். நாங்களும் கூரையைப் பார்த்தோம்.

ஆனந்தகுமார் கைவிடவில்லை. நெருக்கடியில்தான் நிர்வாகத் திறமை வெளிப்படும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சட்டைப் பையிலிருந்த சாதாரணப் பேனாவால் தன் கையாலேயே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆனது. "இத்துடன் இணைக்கப்பட்டுள்ள சான்றிதழில் காணப்படும் கறைக்கு அடியில் ஒரு சாதி உள்ளது என்பது நேரில் ஆய்வு செய்து உறுதி செய்யப்படுகிறது."

"எதுன்னு எழுதலியே சார்" என்றாள் முத்துமாரி.

"கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிம்மா எழுதறது? பொய்ச் சான்று ஆயிடும்" என்றார் ஆனந்தகுமார்.

தாயும் மகளும் இரண்டு காகிதத்தையும் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். மீதிக் கதை, மறுவாரம் கனகலட்சுமி சொல்லி நான் கேட்டது.

பேருந்து கிடைக்க நேரமாகி, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. சேர்க்கைப் பிரிவில் பேச்சிராஜ் என்ற எழுத்தர் இருந்தார். வயதானவர், பொறுமைசாலி. சான்றிதழை வாசித்தார். கறையை வாசித்தார். பிறகு ஆனந்தகுமாரின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அதில் முத்திரை இருந்ததால் அவருக்குத் திருப்தி. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருந்தது. கனகலட்சுமி பதறிப்போய் வாயைத் திறந்தாள். நீங்கள் சொல்வதை நான் எழுத முடியாது, ஆதாரம் வேண்டும் என்று அவர் கையமர்த்திவிட்டார்.

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி முத்துமாரியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாயைப் பார்த்தார்.

"பனவடலிசத்திரத்துல எந்தத் தெரு?" என்று கேட்டார்.

முத்துமாரி தெருவின் பெயரைச் சொன்னாள்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, காலிக் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். முத்துமாரி எட்டிப் பார்த்தாள்.

சரியாகத்தான் எழுதியிருந்தார்.