ஐந்தாவது கட்டத்தில் எழுதிய பெயர்

வடக்கனந்தல்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தியும் 'ஏரிக்கரை' மாத இதழின் ஆசிரியருமான திரு. கண்ணாயிரம் அவர்கள் சமூகத்திற்கு, வடக்கனந்தல் பொன்னுரங்கம் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ரங்கம்மாளும் கறவை மாடும் சுகம். சின்னசேலத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் மகள் மணிமொழியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கொடுத்தனுப்பிய கத்தரி நாற்று பிழைத்ததா என்று ரங்கம்மாள் கேட்கச் சொன்னாள்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள், சிரிப்பதற்கு நாள் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் 'ஏரிக்கரை' ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். மாத இதழில் முடியாது என்றால் தனித்தாளாக அச்சடித்துக் கொடுத்தாலும் போதும். பத்தொன்பது வருடத்தில் ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லை என்று தாங்கள் மேடைக்கு மேடை சொல்வது எனக்குத் தெரியும். ஆனால் இதில் ஒரு பெண்ணின் கதி இருக்கிறது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

கள்ளக்குறிச்சி மறுமேடை மன்றத்தின் பரிசுக்கு எந்தெந்த நாடகங்கள் இறுதிப் பட்டியலில் வரும், எது ஜெயிக்கும் என்று மூன்று வருடமாகத் தங்கள் இதழில் நான் முன்கூட்டியே எழுதிவருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் மேடையேறாமல் கிடந்த பழைய நாடகத்தைத் தூசி தட்டி மறுபடி போடுபவர்களுக்குத்தான் அந்தப் பரிசு. வசன நாடகத்துக்கு ஒன்று, இசை நாடகத்துக்கு ஒன்று. போன வருடம் நான் எழுதிய பத்துப் பெயரும் அப்படியே பட்டியலில் வந்தன. விண்ணப்பித்ததே பத்துக் குழுக்கள்தான் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வருடம் வசன நாடகத்தில் சிக்கல் இல்லை. இசை நாடகத்தில்தான் வினை. எனக்குத் தெரிந்து நான்கு குழுக்கள்தான் களத்தில் இருந்தன. பதினெட்டாம் தேதி தாங்கள் போன் செய்து, பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டாகிவிட்டது, ஐந்தையும் நிரப்புங்கள் என்றீர்கள். அதோடு, யார் ஜெயிப்பார் என்பதையும் இந்தமுறை தைரியமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எப்படிச் சொல்வேன்? சின்னசேலம் குழுவை நடத்துவது ரங்கம்மாளின் தம்பி. திருக்கோவிலூர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பது என் அண்ணன் மகன். வடக்கனந்தல் குழுவின் தலைவர் நான் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர். கள்ளக்குறிச்சிக் குழுவின் கதாநாயகி ஆண்டாள் அம்மாளோ தங்கள் கூடப்பிறந்த தங்கை. இவர்களில் யாரைச் சொன்னாலும் மற்ற மூன்று வாசல் எனக்கு அடைத்துவிடும். தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தும் எந்தப் பக்கமும் சாயாமல் ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஐந்தாவதாக ஒரு குழுவை நானே உண்டாக்கினேன். அதுதான் ஜெயிக்கும் என்றும் எழுதிவிட்டேன். இல்லாத குழு தோற்றால் யாருக்கு வருத்தம்?

நான் எழுதியதைத் தாங்களே அச்சிட்டீர்கள், இருந்தாலும் நினைவூட்டுகிறேன். 'கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால், பத்து வீடுகள் கொண்ட ஊஞ்சக்காட்டிலிருந்து வருகிறது 'வேங்கையம்மாள் வழிநடை'. அண்ணன்மார் இருவர் தங்கையை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று சண்டையிட, அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மரத்தடியில் உட்கார்ந்துவிடும் கதை. முடிவு பார்ப்பவர் கண்களைக் கலங்கவைக்கும். வேங்கையம்மாளாக நடிக்கும் குஞ்சம்மாளுக்கு இதுவே கடைசி மேடை என்று கேள்வி.' முதலில் மூன்றாவதாக ஒரு அண்ணனும் இருந்தான். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நீல மசியால் அவன்மேல் ஒரு கோடு இழுத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி மன்றத்தின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. இசை நாடகம், ஐந்தாவது பெயர்: வேங்கையம்மாள் வழிநடை, ஊஞ்சக்காடு, குஞ்சம்மாள்.

நம் இதழைப் பார்த்துத்தான் காப்பியடித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. மறுநாள் மன்றச் செயலாளர் செல்லமுத்துவைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், இப்போதும் விசில் அடிப்பது போலத்தான் பேசுவார். நான் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாப்பா பேசற? உன் பட்டியல பாத்தா நான் எழுதுவேன்? மனு வந்து எத்தினி நாளாச்சு, நீயே பாரு."

எடுத்துக் காட்டினார். மனுவில் வரவு முத்திரை பதினோராம் தேதி. நான் அந்தப் பெயரை யோசிப்பதற்கு ஏழு நாள் முன்னால். கீழே பத்துக் கைநாட்டு. பத்தும் ஒரே விரலின் ரேகையாக எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. செல்லமுத்துவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. செவ்வாய்க்கிழமை நாடகத்தைப் பார்த்து மார்க் போட மலைக்குப் போவதாகவும், எனக்கு ஊர் தெரிந்திருப்பதால் நானும் கூட வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தெரியாது என்று சொன்னால் பொய் எழுதியது வெளிப்படும். சரி என்றேன்.

நேற்று முன்தினம் காலை பஸ்ஸில் வெள்ளிமலை போய் இறங்கினோம். மூடுபனி. ஊஞ்சக்காடு எந்தப் பக்கம் என்று டீக்கடையில் கேட்டதற்கு, அப்படி ஒரு ஊரே இல்லை என்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். செல்லமுத்து மனுவைத் திருப்பிப் பார்த்தார். 'வெள்ளிமலைக்கு அப்பால்' என்றுதான் இருந்தது. "அப்பால்னா அப்பால்தான்" என்று சொல்லி அவர் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். சாமைக் கொல்லைகளைத் தாண்டி அரைமணி நேரம் நடந்திருப்போம். பனி கொஞ்சம் விலகியது. பத்து வீடுகள் நின்றன.

சம்பந்தி, மதியம் பன்னிரண்டு மணி வெளிச்சத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த ஊரில் நாய் குரைக்கவில்லை. கோழி இல்லை, கிணறு இல்லை, கொடியில் துணி இல்லை. வீடுகளைச் சுற்றி நடந்து பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் பத்து வீட்டின் வாசல்தான் என்னைப் பார்த்தது, ஒரு வீட்டின் பின்புறம்கூடத் தென்படவில்லை. நான் அந்த ஊரைப் பற்றி எழுதியது 'பத்து வீடுகள்' என்ற இரண்டு சொல் மட்டும்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. செல்லமுத்துவோ ஊர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று மெச்சிக்கொண்டார்.

பத்துப் பேர் வந்து கும்பிட்டார்கள். மலைக்காரர்களுக்கே உரிய அமைதியான ஆட்கள். எங்களுக்குச் சாமைச் சோறு போட்டுத் தாங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு, புளி, காரம் எதுவும் நாக்கில் படவில்லை. சூடும் இல்லை, ஆறியும் இல்லை. பிறகு நாடகம் தொடங்கியது. குஞ்சம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். அந்தக் குரலை என்னவென்று எழுத! இரண்டு அண்ணன்மாரும் அவள் கையை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அவள் பாடிய பாட்டில் செல்லமுத்துவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். நானும் என்னை மறந்திருந்தேன், ஓரத்தில் நின்றவனைப் பார்க்கும்வரை.

அவனும் அண்ணன் வேடத்தில்தான் இருந்தான். வசனம் கிடையாது. வாயைத் திறப்பான், மூடுவான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நெற்றியிலிருந்து தாடை வரை குறுக்காக ஒரு நீலக் கோடு ஓடியது. வேஷப் பூச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். வியர்த்தபோது அது வழியவில்லை. என் பேனா மசி, அந்த நீலம் எனக்குத் தெரியாதா?

கடைசிக் காட்சியில் குஞ்சம்மாள் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு நின்றது. அண்ணன்மார் நின்றார்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஒருவர் முகத்தில்கூடத் துக்கம் இல்லை. கால்மணி நேரம் அப்படியே போயிற்று. செல்லமுத்து கைதட்டினார். பிறகுதான் நிறுத்தினார்கள்.

அவர் மார்க் கூட்டிக்கொண்டிருந்தபோது குஞ்சம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கடைசியில எதுக்குங்க அழுவறோம்? ஒத்திகை பண்ற ஒவ்வொரு வாட்டியும் அழுதுகினே நிக்கறோம். காரணம் தெரியலீங்க."

என்ன சொல்வேன்? நாடகம் பற்றி எழுதும்போது 'கண்களைக் கலங்கவைக்கும்' என்ற வரியை எல்லாவற்றுக்கும் போடுவது என் பழக்கம் என்றா? அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"எனக்குக் கடைசி மேடைன்னு போட்டுட்டீங்களே. அதுக்கப்புறம் நான் எங்கங்க போவேன்?"

கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். சுற்றிலும் பத்து வாசல். நீலக் கோட்டுக்காரன் தூரத்தில் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறுகூடப் போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது செல்லமுத்து, சந்தேகமே இல்லை, இதற்குத்தான் பரிசு என்றார். நான் எழுதியது ஒவ்வொன்றாக நடந்துகொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபத்தில் அவள் மேடையேறுகிறாள். இறங்கியபின் என்ன ஆவாள்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ரங்கம்மாளிடம் எல்லாம் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "எழுதுன கையாலயே மாத்தி எழுதுங்க, மனுசி பாவம்" என்றாள்.

ஆகவே சம்பந்தி அவர்கள் கீழ்க்கண்டவாறு திருத்தம் போட வேண்டும்: 'குஞ்சம்மாளுக்கு இது கடைசி மேடை அல்ல. இன்னும் இருபது வருடம் நடிப்பார். அண்ணன்மார் மூவர். வேங்கையம்மாள் பெரிய அண்ணன் வீட்டுக்கே போகிறாள். தவறுக்கு வருந்துகிறோம்.' பெரிய அண்ணன் வீடு சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

தங்கள் குடும்பமும் இதழும் எந்தக் குறையும் இல்லாமல் தழைத்திருக்க எங்கள் குலதெய்வம் துணையிருக்கட்டும். சம்பந்தியம்மாளுக்கு ரங்கம்மாளின் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மணிமொழிக்கும் எங்கள் ஆசி. ஆண்டாள் அம்மாளுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. மற்ற மூன்று குழுவுக்கும் அதே அளவு வாழ்த்து.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பொன்னுரங்கம்.

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. இன்று திங்கட்கிழமை, விழா நேற்றே முடிந்துவிட்டது.

ஐந்து நாடகத்தின் கடைசிக் காட்சியையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஊஞ்சக்காட்டுக்காரர்கள் கடைசியாக ஏறினார்கள். குஞ்சம்மாள் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள், மற்ற ஒன்பது பேரும் அழத் தொடங்கினார்கள். இந்தத் தடவை அவள் அழவில்லை. என்னைத் தேடினாள். நான் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். எழுந்து நின்று, "நான் ரெண்டு வூட்டுக்கும் வரல" என்று தெளிவாகச் சொன்னாள். ஓரத்தில் நின்ற நீலக் கோட்டுக்காரனைப் பார்த்து, "நீ வாண்ணா" என்று கூப்பிட்டாள். இருவரும் மேடைப் படியில் இறங்கி, ஜனங்களுக்கு நடுவில் நடந்து, மண்டப வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். சபையில் விசும்பாதவர் இல்லை. ஆண்டாள் அம்மாள்கூடக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். பரிசு அறிவித்தபோது வாங்க ஆள் இல்லை.

நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மலை பஸ்ஸில் இல்லை. சேலம் பஸ்ஸில் இருந்தார்கள். திருத்தம் எழுதியிருக்கிறேன், இருபது வருடம் போட்டிருக்கிறேன் என்று ஜன்னல் பக்கம் நின்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"வேணாங்க. கடைசி மேடைன்னதோட நிறுத்திட்டீங்க இல்ல, அது நல்லதாப் போச்சு. அதுக்கப்புறம் இருக்கறது என்னுதுங்க" என்றாள். அவள் அண்ணன் வாயைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டான். பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பினால் மற்ற எட்டுப் பேரும் என் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து எட்டுப் பேரும் நம் வீட்டில்தான். ரங்கம்மாள் மாங்காய் ஊறுகாய் வைத்தபோது மூத்தவர் நாக்கில் தொட்டுப் பார்த்து, வெகுநேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். இன்னும் எத்தனை நாளைக்கு என்று ரங்கம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எதையாவது சொல்லி, அது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.