சம்பந்தியைத் தடுக்க ஒரு சப்-வூஃபர்

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருவதற்குள் ஒரு சப்-வூஃபர் செய்து முடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சப்-வூஃபர் என்றால் பாட்டில் உள்ள அடிச் சத்தத்தை மட்டும் தனியாகக் கொடுக்கிற பெட்டி. கடையிலேயே விற்கிறார்கள். வாங்கிவிட்டால் நான் புத்திசாலி ஆகிவிடுவேன், அதனால் வாங்கவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், மூன்றாவது மாடியில். என் அறை பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு சாய்வு நாற்காலி, பாட்டுக் கேட்க இரண்டு குட்டி ஸ்பீக்கர். நாற்காலிக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒன்றரை அடி மிச்சம். அந்த ஒன்றரை அடியில்தான் என் நடமாட்டம் எல்லாம்.

போன மாதம் சம்பந்தி அசோக் நகரிலிருந்து வந்திருந்தார். என் பெண்ணின் மாமனார். சங்கீதம் தெரிந்தவர். அது அவருக்கும் தெரியும். மரியாதைக்கு ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

“வாசிக்கறவருக்கு இடது கை இல்லையா?”

மிருதங்கத்தில் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பேர். ‘கும்’ என்று அடியில் பேசுவது அதுதான். என் குட்டி ஸ்பீக்கரில் அது வராது. எனக்கும் தெரியும். ஆனாலும் நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷரை இரண்டு நிமிஷத்தில் ஊனமாக்கிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

அதோடு விடவில்லை. “நம்மாத்துல பெரிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி சும்மா கெடக்கு. அனுப்பி வெக்கறேன், வெச்சுக்கோங்கோ” என்றார்.

அந்த ஜோடியை நான் பார்த்திருக்கிறேன். ஆள் உயரம். கதவு வைத்தால் துணி மாட்டலாம். அவருடைய மனைவி அதை வீட்டை விட்டுக் கிளப்பப் பல வருடமாக முயற்சி செய்கிறாராம். பெண் சொல்லியிருக்கிறாள். ஊரில் எத்தனையோ வீடு இருக்க, தானம் வாங்க நான்தான் அகப்பட்டேன். அது வந்தால் என் நாற்காலி வெளியே போக வேண்டியதுதான்.

“வேண்டாம்னு சொல்லிடுங்கோ” என்றாள் என் மனைவி அலமேலு, சமையலறையில் வைத்து, ரகசியமாக.

“நீ சொல்லேன்.”

“நான் எப்படிச் சொல்றது? பிள்ளையாத்துக்காரா.”

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி கொடுப்பதை மறுக்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். நானோ கீரைக்காரி இரண்டு கட்டு எடுத்துக்கோ என்றால் மூன்றாவது கட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறவன். ஆகவே மறுக்காமல் ஒரு பொய் சொன்னேன்.

“நானே ஒண்ணு பண்ணிண்டிருக்கேன். சப்-வூஃபர். தொப்பி நன்னா வரும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? சரி, அடுத்த மாசம் வந்து கேக்கறேன். நன்னா இருந்தா சந்தோஷம். இல்லேன்னா வண்டியில ஏத்திடறேன்.”

இப்படித்தான் பொய் சொன்னவன் தச்சு வேலைக்காரன் ஆனேன்.

யூடியூபில் பார்த்தேன். ஒவ்வொருவரும் முதலில் தன் அறையைச் சுற்றிக் காட்டுகிறான். தலைப்பில் ‘சின்ன அறைக்கு’ என்று போட்டிருக்கிறான். அந்தச் சின்ன அறையில் எங்கள் மாடி முழுவதும் அடங்கும். பிறகு ஒருவன் பெட்டி அளவுக்கு ஒரு சூத்திரம் எழுதினான். நான் பத்தாவதோடு நின்றவன், மூடிவிட்டேன். தி.நகர் ஜவுளிக் கடையில் ஆயுசு முழுக்கத் துணி அளந்திருக்கிறேன், அளக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். துணி பாடாது என்பது தோன்றவில்லை.

ரிச்சி தெருவில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். இருபது லிட்டர் பெட்டி போடுங்கள் என்றார் கடைக்காரர். எப்படி என்று கேட்கக் கூச்சம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அதற்கு ஏற்றபடி தட்டையாகப் படம் வரைந்து தச்சர் மூர்த்தியிடம் கொடுத்தேன். லஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார்.

“இன்னா சார் இது, கோழிக் கூண்டா?”

“ஸ்பீக்கர் பெட்டிப்பா.”

“அப்ப இந்த பைப்பு எதுக்கு கீது?”

“உள்ளே இருக்கிற காத்து வெளியே வரதுக்கு.”

“அப்ப கோழிதான்.”

பெட்டி வந்ததும் அலமேலு கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, பைப்பின் வாயைத் துணியால் அடைத்து, லிட்டர் படியால் அரிசியை அளந்து அளந்து உள்ளே கொட்டினேன். இருபது லிட்டர் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பத்தொன்பதே முக்கால் பிடித்தது. கால் லிட்டர் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி வந்துவிட்டாள்.

“மாசத்து அரிசியைக் கொண்டுபோய் ரேடியோவுக்குப் போட்டிருக்கேளே. அது சமைச்சுப் போடுமா?”

அரிசியை வெளியே எடுத்து, ஸ்பீக்கரை முடுக்கி, மிருதங்கத் தனியைப் போட்டேன்.

‘டொக்’ என்றது. மறுபடியும் ‘டொக்’.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அலமேலு போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். தொப்பி வரவில்லை. பெட்டி சின்னதானால் அடி இறங்காதாம், இருபது லிட்டரும் சின்னதுதானாம். அந்தச் சூத்திரத்தில் இதைத்தான் எழுதியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. பெட்டியைப் பெரிதாக்கினால் கட்டிலுக்கு அடியில் போகாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது செய்யாமலே இருந்திருக்கலாம்.

கச்சேரி ஆரம்பிக்கும் முன் மிருதங்கக்காரர் என்ன செய்கிறார்? ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பித் தோலின் நடுவில் அப்புகிறார். தோல் கனத்து, சத்தம் இறங்குகிறது. சபாவில் முன் வரிசையில் இடம் பிடித்து எத்தனை டிசம்பர் இதைப் பார்த்திருக்கிறேன். தோலுக்குச் சரி என்றால் ஸ்பீக்கர் காகிதத்துக்கு மட்டும் என்ன கௌரவம்?

ரவை பிசைந்தேன். ஸ்பீக்கரின் நடுவில் தோசை மாதிரி வட்டமாக அப்பினேன். போட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அப்பினேன்.

‘கும்’ என்றது.

நிஜமாகவே கும் என்றது. கட்டில் சட்டம் லேசாக அதிர்ந்தது. கதவைத் தட்டுகிறார்கள் என்று யாரும் போகவில்லை. அலமேலுகூட வாசலில் நின்று, “இது பரவாயில்லையே” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான். ரவை தெரியாமல் இருக்க முன்னால் பழைய அங்கவஸ்திரத்தை இழுத்துக் கட்டி, ஆணி அடித்தேன். நாற்காலியில் சாய்ந்து, அசோக் நகர் அலமாரிகள் அசோக் நகரிலேயே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை சம்பந்தி வந்தார். காபி குடித்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து அவர் முன்னால் வைத்து, அதே மிருதங்கத் தனியைச் சன்னமாக ஓட விட்டேன். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“ஏதோ புளிச்ச வாடை வரதே.”

“புது மரம்” என்றேன்.

“மரம் புளிக்குமா?” அங்கவஸ்திரத்தின் ஒரு மூலையை விரலால் தூக்கினார். நான் தடுத்திருக்கலாம். பிள்ளையாத்துக்காரர் கையை எப்படிப் பிடிப்பது?

கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார்.

“சம்பந்தி, இதுக்குள்ள உப்புமா இருக்கு.”

உப்புமாவில் எறும்பும் இருந்தது. பைப் வழியாக ஒரு வரிசை, துணி ஓரமாக இன்னொரு வரிசை. இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியில் எனக்குத் தெரியாமல் விருந்து நடந்திருக்கிறது.

அந்த நேரத்தில் பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும். கைதவறி நிறுத்துகிற பொத்தானுக்குப் பதில் சத்தத்தை ஏற்றுகிற பொத்தானைத் திருகினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். உண்மை அதுவல்ல. தொப்பியைக் கேட்டால் ரவையை மன்னித்துவிடுவார் என்று நினைத்து, வேண்டுமென்றேதான் ஏற்றினேன்.

‘கும்’ என்று வந்தது. கூடவே காய்ந்த ரவையும் வந்தது. வெடித்து, பொடிப் பொடியாக, எறும்போடு, நேராக அவர் மூக்குக் கண்ணாடியில், மீசையில், விபூதியில். அடுத்த ‘கும்’முக்குள் அவர் எழுந்துவிட்டார். எழுபது வயதுக்கு அது நல்ல வேகம்.

மூன்றாவது அடி ‘டொக்’ என்றது.

அலமேலு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நிதானமாக மீசையைத் துடைத்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

“ஏன் சம்பந்தி, கச்சேரி முடிஞ்ச கையோட ரவையைச் சுரண்டி எடுத்துடுவாளே. பார்த்ததில்லையா?”

பார்த்ததில்லை. மங்களம் ஆரம்பிக்கும்போதே கேன்டீனில் அடைக்கு வரிசை நின்றுவிடும் என்று நான் எழுந்து போய்விடுவேன். அப்புவதை வருடா வருடம் பார்த்தவன், ஒரு தடவைகூடச் சுரண்டுவதைப் பார்த்ததில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. போன மானம் போதும் என்று இருந்துவிட்டேன்.

அவர் கழுத்துப் பக்கமிருந்து ஓர் எறும்பை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டார். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் ஈரம்கூட இருந்தது.

“பாட்டுக் கேக்க நீங்க இவ்வளவு கஷ்டப்படறதை என்னால பாத்துண்டு இருக்க முடியலை. நாளைக்கே ரெண்டையும் அனுப்பிடறேன்.”

நான் அலமேலுவைப் பார்த்தேன். அலமேலு என்னைப் பார்த்தாள்.

“ரொம்ப சந்தோஷம்” என்றோம், இருவரும் சேர்ந்து.

திங்கட்கிழமை இரண்டு அலமாரியும் வந்து சேர்ந்தன. தொப்பி இப்போது அபாரமாகக் கேட்கிறதாம். அறைக்குள் இப்போது ஒரே ஆள் நிற்கத்தான் இடம், அதில் நின்று கேட்டுவிட்டு அலமேலு சொன்னாள். நான் மாடிப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.